கூடாது அணித் தலைவர்

நவம்பர் 22

ஓய்வூதியர் சங்க ஆண்டு விழா அடுத்த மாதம் பதினேழாம் தேதி. இந்த வருடம் பட்டிமன்றம் வைக்கிறார்கள். தலைப்பு: "கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கலாமா, கூடாதா?" கூடாது அணிக்கு நான் தலைவர்.

மறுத்துப் பார்த்தேன். செயலாளர் பிச்சையா விடவில்லை. "சார், பாளையங்கோட்டையில கஞ்சாவப் பத்திப் பேச உங்கள விட்டா யாரு இருக்கா? சங்கத்துல பாதிப் பேரு உங்கள கஞ்சா சார்னுதான் சொல்லுதாவ" என்றார். அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. என் மனைவி ரூபிக்குத் தெரிந்திருக்கிறது. அடுக்களையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

காவல் துறை பிடித்து அனுப்பும் பொட்டலங்களில் இருப்பது கஞ்சாதானா என்று சோதித்துக் கையெழுத்திட்டதே என் உத்தியோகம். அரசுத் தடய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். மேடை ஏறியதில்லை. சாட்சிக் கூண்டில் நின்றால்கூட நீதிபதி, "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், டேனியல் ஜெயசிங்" என்பார். எழுதி, வரிசைப்படுத்தி, பல முறை வாசித்தால்தான் எனக்கு எதுவும் வாயில் வரும். ஆகவே பதினேழாம் தேதிவரை இந்தக் குறிப்பில் ஒவ்வொன்றாக வளர்க்கப் போகும் கருத்துகள்:

1. ஒரே ஊர், ஒரே வயல் என்றாலும் ஒரு பொட்டலத்தின் வீரியம் இன்னொன்றில் இருக்காது. இதைச் சோதித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

2. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டம் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கிறது. உரிமம் பெற்றவர் அதில் போகலாம். புதிதாக ஒரு பெரிய கதவைத் திறக்க வேண்டியதில்லை.

3. அளவு தெரிந்தால்தான் மருந்து. அளவு தெரியாதது வெறும் செடி.

4. வலியில் இருப்பவர் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் வலிக்கு வெளியே நிற்க வேண்டும்.

நான்கும் உறுதியானவை. சொல்லப் போகிறவன்தான் உறுதியானவன் இல்லை.

நவம்பர் 24

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் நாளை வருவதாகச் சொன்னார்.

ரூபிக்கு வெட்டிவேர்த் துணி மாற்றினேன். ஆகஸ்டில் அவளுக்கு இடது விலாவில் அக்கி வந்தது. அவளுடைய பெரியம்மா மகன் குயவர் ஒருவரை அழைத்து வந்து, காவிக் குழம்பால் அக்கி எழுதவும் செய்தார். நான் தடுக்கவில்லை, நம்பவும் இல்லை. கொப்புளங்கள் ஆறிவிட்டன. எரிச்சல் மட்டும் தங்கிவிட்டது. துணி உரசினாலே நெருப்பு பட்டது போல் துடிக்கிறாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தலை சுற்றிக் குளியலறையில் விழுந்தாள். அதை நிறுத்தினோம். ரவிக்கை போட முடியாமல், என் பழைய பனியனைத் தையல் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, மேலே சேலையைத் தளரச் சுற்றிக்கொண்டு இருந்தாள். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டாள். பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவள்.

செப்டம்பரிலிருந்து நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். பானைத் தண்ணீரில் வெட்டிவேர் ஊறப்போட்டு, மெல்லிய வேட்டித் துணியை நனைத்து, மதியம் ஒரு தரம், மாலை ஒரு தரம். தினமும் காலண்டரில் ஒரு சொல் எழுதுகிறேன்: கடுமை, நடுத்தரம், தாங்கலாம். சொல்லைத் தேர்ந்தெடுப்பது நான்தான். முகம், நடை, முனகல் இவற்றைப் பார்த்து எழுதுவேன். அவளைக் கேட்டால் மனநிலைக்குத் தகுந்தபடி மாறிவிடும்.

இந்த மாதம் முழுக்கக் காலண்டரில் "தாங்கலாம்" நிறைய வந்திருக்கிறது. முறை பலிக்கிறது.

வெட்டிவேர் மணக்கிறது என்கிறாள். எனக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் என் மூக்கு போனது போனதுதான். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே மணத்தால் சொல்லிவிடுகிற ஆள் என்று ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பெயர் இருந்தது. இப்போது கருகுகிற பாலைக்கூடக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

நவம்பர் 27

ரூபி இன்று ரவிக்கை போட்டாள்! பருத்தி, தளர்ந்தது, ஆனாலும் ரவிக்கை. தோசை நான்கு சாப்பிட்டாள். பிறகு அல்வா வேண்டும் என்றாள். போய் வாங்கி வந்தேன். எனக்கு ஒரு விள்ளல் வைத்துவிட்டு மிச்சத்தை அவளே தீர்த்தாள். பசி திரும்பிவிட்டது. மதியம் நன்றாகத் தூங்கினாள்.

மாதத் தொடக்கத்தில் அவளுடைய தங்கை பியூலா பெங்களூரிலிருந்து வந்து போனாளே, அந்தத் தெம்பும் இருக்கலாம். போகும்போது ஞாபகசக்திக்கு என்று ஒரு சின்னப் பழுப்புச் சீசா கொடுத்திருக்கிறாள். நாக்குக்கு அடியில் சொட்டு விட வேண்டுமாம். ரூபிக்கு ஞாபகசக்திக்கு மருந்து எதற்கு என்று புரியவில்லை. எங்கள் கல்யாணத்தில் யார் யார் சாப்பிடாமல் போனார்கள் என்று இன்றைக்கும் பெயர் பெயராகச் சொல்லுவாள்.

மாலையில் நான்கு கருத்துகளையும் வாசித்துக் காட்டினேன். மூன்றுவரை தலையாட்டினாள்.

"நாலாவத இன்னொரு தரம் வாசிங்க அத்தான்."

வாசித்தேன்.

"அப்போ, வலிக்குதுன்னு சொல்லுதவ பேச்சு எடுபடாதா?"

"அப்படியில்ல. வலியில இருக்கிறவங்க எது கொடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. அது ஆதாரம் ஆகாது."

"வலியே இல்லாதவங்க சொன்னா ஆகும்?"

"பார்த்து, குறிச்சு வச்சுச் சொன்னா ஆகும்."

"சரி சரி" என்று சொல்லி, துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டாள். கேள்வி நன்றாக இருக்கிறது. எதிரணியில் யாராவது கேட்டால் இதே பதிலைச் சொல்லலாம்.

நவம்பர் 30

குழாய்க்காரர் வரவில்லை.

டிசம்பர் 3

பிச்சையா வீட்டில் ஒத்திகை. எதிரணித் தலைவி கோமதி சிஸ்டர் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். பிச்சையாவுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை.

முதல் கருத்தைச் சொன்னேன். சோதனைக் குழாயில் அமிலம் விட்டதும் ஊதா நிறம் எழும்பும், குளோரோபாரம் விட்டால் அந்த ஊதா அடியில் போய் இறங்கும், ஒன்றில் கத்தரிப்பூ நிறம், இன்னொன்றில் நாவல்பழ நிறம், இரண்டும் ஒரே சாக்கில் வந்தவை என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

பிச்சையா தொடையில் தட்டினார். "இது போதும் சார், சோலி முடிஞ்சுது. ஆனா ஒரு கொறை. வீட்டு உதாரணம் இல்ல."

"எதற்கு?"

"பட்டிமன்றத்துல வீட்டுக்காரி வராம கைதட்டு வருமா? அக்கா அக்கியில கெடந்து தேறுனாவல்லா? ஒரு மருந்து மாத்திரை இல்லாம, வெட்டிவேர வச்சே நீங்க தேத்திட்டீயன்னு ஊரே சொல்லுது. அதச் சொல்லுங்க. கோமதி சிஸ்டர் வாயத் தொறக்க முடியாது."

பெயர் சொல்லாமல் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டேன். நான்காவது கருத்துக்குக் கீழே பொருந்துகிறது. வெளியே நின்று பார்த்தவன் நான். குறிப்பு எடுத்தவன் நான். காலண்டர் இருக்கிறது.

டிசம்பர் 5

உதாரணத்தைச் சேர்த்து ரூபியிடம் வாசித்தேன். "என் குடும்பத்திலேயே ஒருவர், எந்தப் போதைப்பொருளின் உதவியும் இல்லாமல், ஒழுங்கினாலும் பொறுமையினாலும்..." என்று போகிறது. நன்றாக வந்திருக்கிறது.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"என்னையச் சொல்லணுமா?"

"பெயர் சொல்ல மாட்டேன்."

"உங்க குடும்பத்துல நானும் நீங்களும்தான். உங்களுக்கு அக்கி வரல."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கூச்சமாக இருக்கும்.

டிசம்பர் 7

கடுமை. காரணம் தெரியவில்லை. வெயில் இல்லை, அலைச்சல் இல்லை.

டிசம்பர் 8

கடுமை. மறுபடியும் பனியன். காலையில் சோறு வேண்டாம் என்றாள். துணி மாற்றுவதை மூன்று தரமாக்கினேன். கடை வெட்டிவேரில் கலப்படம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, சமாதானபுரத்தில் வேறு கடையில் வாங்கி வந்தேன்.

நான் செய்வதில் எங்கோ பிழை இருக்கிறது. என்ன மாற்றினேன் என்று யோசித்துப் பார்த்தேன். எதையும் மாற்றவில்லை. கையே படாமல் துணியை வைக்கப் பார்த்தேன். அதற்கே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

டிசம்பர் 10

குழாய்க்காரரைக் கையோடு கூட்டி வரலாம் என்று போனேன். கடை பூட்டியிருந்தது. உடனே திரும்பிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ரூபி போனில் பேசுவது கேட்டது.

"இல்ல பியூலா. பதினேழாம் தேதி கழியட்டும். அதுவரைக்கும் தொட மாட்டேன். வலிக்கத்தான் செய்யுது, என்ன செய்ய?"

உள்ளே போனேன். "எதைத் தொட மாட்டே?"

அவள் பதறவில்லை. போனை வைத்தாள். "உக்காருங்க அத்தான். நின்னுக்கிட்டே கேட்டா உங்களுக்கு மயக்கம் வரும்."

உட்கார்ந்தேன்.

"அந்தச் சீசா ஞாபகசக்திக்கு இல்ல."

"பிறகு?"

"நீங்க அத்தன வருசமா ஊதா வருதா, ஊதா வருதான்னு பாத்தீயளே, அது."

நான் முதலில் கேட்ட கேள்வியை நேர்மையாக எழுதி வைக்கிறேன். வலியைப் பற்றிக் கேட்கவில்லை. "சீட்டு இருக்கா?" என்றுதான் கேட்டேன்.

"இருக்கு. பியூலா அங்க ஒரு ஆயுர்வேத வைத்தியர்கிட்ட போன்ல மொகம் பாத்துப் பேச வச்சா. அவரு சீட்டு எழுதித் தந்துதான் கடையில கொடுத்தாவ. இலையில எடுத்த எண்ணெயாம். திருட்டுத்தனமா ஒண்ணும் வரல."

இலை. சட்டத்தில் இலைக்கும் பூமுனைக்கும் வேறுபாடு உண்டு; தடை பூமுனைக்குத்தான், தனி இலைக்கு இல்லை. அதை வைத்து எத்தனை வழக்கறிஞர்கள் என்னைக் கூண்டில் நிறுத்திக் குடைந்திருக்கிறார்கள். கொஞ்சம் மூச்சு வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சட்டம் சொல்லுவீய. அப்புறம் தூங்க மாட்டீய. ஒரு வீட்டுல ரெண்டு பேரு தூங்காமக் கெடக்கணுமா?"

"நல்லாத்தானே இருந்தே. ஏன் நிறுத்தினே?"

இதற்குத்தான் அவள் தயங்கினாள். "நீங்க மேடையில நின்னு, ஒண்ணுமே இல்லாம தேறிட்டாள்னு சொல்லப் போறீய. அது மெய்யா இருக்கணும்லா? நீங்க பொய்க் கையெழுத்துப் போட்ட மனுசன் இல்லயே. என்னால போட்டதா ஆயிரக் கூடாது."

எழுந்து காலண்டரைப் பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "ஆனா சீசா வர்றதுக்கு முந்தியே, அக்டோபர்லயே தாங்கலாம்னு வந்திருக்கே" என்றேன்.

அருகில் வந்து பார்த்தாள். "எது? இதுவா? அன்னைக்கு நீங்க பேங்குக்குப் போயிருந்தீய. நான் தலகாணியக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"நான் வந்தப்போ சிரிச்சியே."

"வெயில்ல அலைஞ்சுட்டு வந்த மனுசன் மொகத்தப் பாத்து அழச் சொல்லுதீயளா?"

விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனாள். "இது சரி. இது இல்ல. இது இல்லவே இல்ல." என் கையெழுத்தில் அத்தனையும் திருத்தமாக இருந்தன.

சீசாவை எடுத்து வரச் சொன்னேன். "உதாரணத்தை எடுத்துவிட்டேன். இப்பவே சொட்டு விடு" என்றேன்.

"பிச்சையா அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டீயளா?"

"சொல்றேன்."

"சொல்லிட்டு வாங்க. நீங்க மனசுல எடுத்தத மேடையில அவரு திருப்பிச் சேத்துருவாரு. உங்களுக்கு மறுக்கத் தெரியாது."

சத்தியமான பேச்சு. போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் இரண்டு முறை நடந்தேன். அவள் விலாவைப் பிடித்தபடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பிச்சையாவுக்குப் போன் போட்டு, உதாரணத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னேன்.

"என்ன சார், உயிரையே எடுக்கச் சொல்லுதீய! அது இல்லாம அணி நிக்குமா?"

"நிற்காவிட்டால் விழட்டும். அந்த உதாரணம் உண்மையில்லை. நான் சொல்ல மாட்டேன். அறிமுகத்திலும் நீங்கள் சொல்லக் கூடாது."

"சார் இவ்ளோ சத்தமாப் பேசி இப்பத்தான் கேக்கேன். பதினேழாம் தேதியும் இதே சத்தம் வேணும்" என்றார் பிச்சையா.

சொட்டுகளை நானே விட்டேன். வைத்தியர் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நம் டாக்டரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும் என்றேன். "இன்னைக்கே வேணும்னாலும் வாரேன்" என்றாள். காலண்டரையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தி, இனி சொல்லை அவளே எழுதட்டும் என்றேன். அவள் யோசித்து, "கடுமை"யை அடித்துவிட்டு, "தீ" என்று எழுதினாள்.

டிசம்பர் 12

டாக்டரைப் பார்த்தோம். வைத்தியர் சீட்டை இரண்டு முறை படித்தார். எல்லோருக்கும் இது கேட்காது, தலைசுற்றல் வருகிறதா என்று பாருங்கள், என்னிடம் மறைக்காதீர்கள் என்றார். ரூபி என்னைப் பார்த்தாள். நான் விசிறியைப் பார்த்தேன்.

காலண்டரில் ரூபி: "பரவால்ல. ஆனா சேல கூடாது."

இப்படி ஒரு சொல்லுக்கு என் முறையில் இடமே இல்லை. ஆனால் இன்றைக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது.

டிசம்பர் 15

ரூபி: "நல்லா இருக்கு. பாட்டு பாடுனேன்." கேட்டேன். கீழ்வீட்டுக்காரர்களும் கேட்டிருப்பார்கள்.

குழாய்க்காரர் வந்தார். வாஷர்தான் போயிருக்கிறது.

டிசம்பர் 17

மண்டபம் நிறைந்திருந்தது. நடுவர், கல்லூரியில் தமிழ் நடத்திய பேராசிரியர் முப்பிடாதி. ரூபி நீலப் பட்டு ரவிக்கையோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

முதலில் கோமதி சிஸ்டர் பேசினார். அடுக்குமொழி ஒன்றும் இல்லை. வார்டில் கடைசி நாட்களில் இருந்தவர்கள் தன்னிடம் கேட்டதை மட்டும் சொன்னார். "தண்ணி கேட்டா கொடுத்தோம். போர்வை கேட்டா கொடுத்தோம். வலிக்குதுன்னா, டாக்டர் வரட்டும்மான்னு சொன்னோம். வந்த டாக்டருக்கும் எல்லா நேரமும் கையில மருந்து இருக்கல" என்றார். கைதட்டல் வரவில்லை. பலர் மூக்கைச் சிந்தினார்கள்.

"கூடாது அணியின் தலைவர், நம்ம கஞ்சா சார்!" என்று நடுவர் அழைக்க, மண்டபம் சிரித்தது. எழுந்தேன். ஒலிபெருக்கி என் குரல் நடுக்கத்தையெல்லாம் ஊதிக் காட்டியது.

ஆனால் ஊதா நிறத்தைச் சொல்லத் தொடங்கியதும் நடுக்கம் போய்விட்டது. எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். ஒரே சாக்கில் இரண்டு வீரியம் என்றபோது மண்டபம் அமைதியாகக் கேட்டது. சட்டத்தைச் சொன்னேன். "அளவு தெரிந்தால்தான் மருந்து, நடுவர் அவர்களே. சொட்டுக் கணக்குத் தெரியாமல் எதையும் என் மனைவியின் நாக்கில் நான் விட மாட்டேன்" என்றேன். நல்ல கைதட்டல். பிச்சையா எழுந்து நின்றே தட்டினார். ரூபி தட்டவில்லை. வாயில் முந்தானையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்காவதாக ஒன்று எழுதி வந்தேன்" என்றேன். "அதை இன்று சொல்லப் போவதில்லை."

"இதென்ன சார்" என்றார் நடுவர், "நாலு காலுன்னு நெனச்சோம், முக்காலி போட்டுட்டு உக்காரப் பாக்கீய. நாலாவது கால யாரு ஒடிச்சா?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். "அது வலியைப் பற்றியது, நடுவர் அவர்களே. வலி எனக்கு இல்லை. அதனால் அதை நான் சொல்லக் கூடாது."

உட்கார்ந்துவிட்டேன். யாரும் தட்டவில்லை. கோமதி சிஸ்டர் மட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

தீர்ப்பு: அனுமதிக்கலாம், ஆனால் மருத்துவர் சீட்டோடு, அளவு குறித்து, உரிமம் உள்ள இடத்தில் மட்டும். "அளவு நம்ம சார் போட்டது" என்று பிச்சையா அணியே வென்றது போல் எல்லோருக்கும் கை கொடுத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் ரூபி கேட்டாள்: "தோத்ததுல வருத்தமா அத்தான்?"

"இல்லை. நடுக்கம் சீக்கிரம் நின்றது. அதில் திருப்தி."

"அடுத்த வருசமும் கூப்பிடுவாவ, பாருங்க. தலைப்ப மட்டும் மொதல்லயே என்கிட்ட சொல்லிருங்க."

டிசம்பர் 18

காலண்டரில் ரூபி: "கூட்டத்துல இடிச்சிட்டாவ. கொஞ்சம் எரியுது. அடுத்த வாரம் கோயில்."

பானையைக் கழுவி வைத்தேன். வெட்டிவேரைக் கொட்டவில்லை. அது குளுமையாக இருக்கிறது என்கிறாள். அவள் சொன்னால் அது இருக்கட்டும்.

நவம்பர் 22-ஆம் தேதி எழுதியவற்றை முறைப்படி சரிபார்க்கிறேன்.

முதல் கருத்து நிற்கிறது. இரண்டாவது பெரும்பாலும் நிற்கிறது. வழி இருக்கிறது என்றேன், அது எவ்வளவு குறுகல் என்பதைக் கோமதி சிஸ்டரிடமிருந்து தெரிந்துகொண்டேன். மூன்றாவது முன்பைவிட உறுதியாக நிற்கிறது. இந்த மூன்றையும் எந்த மேடையில் கூப்பிட்டாலும் போய்ச் சொல்லுவேன், ஒலிபெருக்கி இல்லாமலேகூட.

உதாரணம் மட்டும்தான் பிழை, அதைத்தான் எடுத்தாகிவிட்டதே என்று இன்று காலையில்கூட என்னைத் தேற்றிக்கொண்டேன். உதாரணம் பிழையானதே அது தாங்கி நின்ற கருத்தினால்தான். நான் வெளியே நின்றேன், தினமும் பார்த்தேன், குறித்தேன், ஒரு நாளும் தவறவில்லை. அத்தனை நாளும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தவள் பக்கத்தில் இருந்தாள். அவளை நான் கேட்கவில்லை.

நான்காவது கருத்து தவறு.